சிம் அண்ணன் பேர்ல, போன் ஆத்தா கையில: டேட்டா அனுமதி பக்கம் ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது போன் ரிவ்யூ இல்ல, ரீசார்ஜ் பிளான் ரிவ்யூவும் இல்ல. எங்க வீட்டுல நாலு சிம்மும் ஒரே கம்பெனி, அந்தக் கம்பெனி ஆப்புல புதுசா ஒரு பக்கம் போட்டிருக்காக, உங்க டேட்டாவை அனாலிடிக்ஸுக்கு, அதாவது அலசி ஆராயுறதுக்கு, எடுத்துக்கலாமா வேணாமான்னு கேக்குற பக்கம், அதையும் அதுக்காக காரைக்குடி ஷோரூமுக்கு ரெண்டு தடவை அலைஞ்சதையும் சேத்துத்தான் எழுதுறேன். கம்பெனி பேரு போடல, எதுக்கு வம்பு. உங்க கம்பெனி ஆப்புலயும் இப்படி ஒன்னு எந்த மூலையிலயாவது கெடக்குதான்னு தேடிப் பாருங்க.

நான் காரைக்குடி பக்கத்துல கோட்டையூர். வீட்டுல இருந்தே ரெண்டு மூணு கடைக்கு டேலி கணக்கு பாக்குறேன், அதனால ஆப்பு, ஓடிபி, இதெல்லாம் எனக்குப் பழக்கந்தான், வெவரம் தெரியாம மாட்டிக்கிட்டேன்னு யாரும் கமெண்ட்ல வந்துறாதீக.

ஆரம்பிச்சது எப்படின்னா, போன வருசம் ரெண்டு மாசத்துக்குள்ள மூணு தடவை திருச்சி ஏர்போர்ட் போக வேண்டியதாப் போச்சு. சிங்கப்பூர்ல இருந்து அண்ணன் வந்தாக, அவுகள திரும்பக் கொண்டு போய் விட்டோம், அப்புறம் பெரியம்மா மலேசியாவுல இருந்து வந்தாக. மூணாவது தடவை போயிட்டு வந்த வாரத்துல இருந்து என் போனுக்கு ரோமிங் பேக் மெசேஜா கொட்டுது, வெளிநாடு கிளம்பிட்டீங்களா, இந்த பேக் போடுங்க, அந்த பேக் போடுங்கன்னு. எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. இதுக்கும் ஏர்போர்ட்டுக்கும் முடிச்சுப் போட என்கிட்ட ஆதாரம் ஒன்னும் இல்ல, தற்செயலாக்கூட இருக்கலாம். ஆனா அன்னைக்குத்தான் ஆப்பைக் குடைஞ்சேன்.

கடைசி வரைக்கும் கீழ தள்ளிக்கிட்டே போனா தனியுரிமைன்னு ஒன்னு வருது, அதுக்குள்ள நாலு சுவிட்ச். ஒன்னு நெட்வொர்க்கை மேம்படுத்த, ரெண்டாவது நமக்கு ஏத்த ஆஃபர் காட்ட, மூணாவது நம்ம இருக்குற எடத்தை வச்சு ஏதோ கணிப்பு, நாலாவது பார்ட்னர் கம்பெனிகளுக்குக் குடுக்குறது. இதுல பாராட்ட வேண்டியதை பாராட்டிடுறேன். முன்னாடி சிம் வாங்குறப்போ எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவாக, இப்போ தனித்தனியா பிரிச்சிருக்காக, ஒவ்வொன்னுக்கும் கீழ என்ன எடுக்குறாகன்னு நாலு வரியும் இருக்கு. டவர் நல்லா எடுக்கணும்னு மொத சுவிட்சை மட்டும் விட்டுட்டு மத்ததை மூடலாம். இது நல்ல விஷயம், மறுக்கல.

ஆனா நாலும் நான் உள்ள போறதுக்கு முன்னாடியே ஆன்ல இருந்துச்சு. யாரு போட்டா? நான் போடல. 2023 ஆகஸ்ட்ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு சட்டத்துல 6வது பிரிவுல சம்மதம்னா என்னன்னு தெளிவாவே எழுதியிருக்கு, நாமளா விருப்பப்பட்டு, எதுக்குன்னு தெரிஞ்சு, நிபந்தனை இல்லாம, நாமளே ஒரு செயலாக் காட்டிக் குடுக்கணுமாம். ஏற்கனவே ஆன்ல வச்சுட்டு நாம அணைக்கலங்குறதுக்காக சம்மதம்னு எடுத்துக்கிறது இதுல எங்க வருது? அந்தச் சட்டத்துக்கு ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் வேற குடுத்திருக்காக, அதனால இப்பவே சட்டத்தை மீறிட்டாகன்னு நான் சொல்ல வரல. டைம் இருக்குற வரைக்கும் ஆன்லயே கெடக்கட்டும்னு விட்டிருக்காகன்னுதான் சொல்றேன்.

அதே பிரிவுல இன்னொன்னு, குடுக்குறது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு. சரி பாப்போம்னு நாலாவது சுவிட்சை அணைக்கப் போனேன். ஆன் பண்ண ஒரு தட்டு. ஆஃப் பண்ண நான் எண்ணிப் பாத்தேன், 11 தட்டு. மொதல்ல ஓடிபி, அப்புறம் உறுதியான்னு கேக்குது, அப்புறம் காரணம் சொல்லுன்னு ஒரு லிஸ்ட், அந்த லிஸ்ட்டுல இஷ்டமில்லன்னு ஒரு காரணமே கிடையாது பாருங்க, அப்புறம் இதை ஆன்லயே வச்சா ஒரு ஜிபி இனாம்னு ஆசை காட்டுது, அதையும் தாண்டிப் போனா உங்க கோரிக்கை பதிவாகிருச்சுன்னு வருது. முடிஞ்சுச்சுடா சாமின்னு இருந்தா பத்து நாள் கழிச்சு ஆப் அப்டேட் ஆச்சு, எதுக்கும் பாப்போம்னு உள்ள போனா நாலும் மறுபடி ஆன். கோவம் வருமா வராதா?

தமிழ்ல மாத்திப் பாத்தேன். சட்டப்படி இந்த அறிவிப்பை இங்கிலீஷ்லயோ அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்குற 22 மொழியில ஒன்னுலயோ படிக்க வழி இருக்கணும், தமிழ் அதுல இருக்கு. இவுகளும் தமிழ் போட்டிருக்காக, போடாமலே இருந்திருக்கலாம். மிஷின்ல போட்டு எடுத்த தமிழ். மூன்றாவது விருந்துக்கு உங்கள் தரவு பகிரப்படலாம்னு ஒரு வரி, என்னடா விருந்துன்னு யோசிச்சு இங்கிலீஷ் பக்கத்தைத் தொறந்து பாத்தாத்தான் தேர்ட் பார்ட்டிங்குற மூன்றாம் தரப்பைத்தான் அப்படி எழுதியிருக்காகன்னு புரியுது. செட்டிநாட்டுல விருந்துன்னா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாக, அந்த தைரியத்துல எழுதிட்டாக போல. பட்டன்ல இசைவு அளின்னு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஆத்தா எட்டிப் பாத்து, இசைகுடிமானமா, யாருக்குடி கல்யாணம்னு கேட்டாக. வெளியூர்க்காரவுகளுக்கு, நகரத்தார் கல்யாணத்துல ரெண்டு வீட்டாரும் ஒத்துக்கிட்டதுக்கு எழுதி கையெழுத்துப் போடுறதுக்குப் பேரு இசைகுடிமானம், இசைவு பிடிமானம்னும் சொல்லுவாக. ஆத்தா கேட்டது சிரிப்பா இருந்தாலும், அதுல யாரு பேரு, எந்த ஊரு, எந்தக் கோயில் எல்லாம் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கும். இங்க ஒரு பக்கம்தான் எழுதிக்குது.

இதெல்லாம் நெசமாவே உள்ள வேலை செய்யுதா, இல்ல சும்மா பொம்மை சுவிட்சான்னு ஒரு டவுட்டு. பெங்களூர்ல டெலிகாம் கோர் நெட்வொர்க்ல வேலை பாக்குற சித்தி மகன் தம்பி இருக்கான், அவன்கிட்ட கேட்டேன். அவன் சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். 5ஜி நெட்வொர்க்குக்குள்ளேயே அனாலிடிக்ஸுக்குன்னு தனியா ஒரு பெட்டி மாதிரி இருக்காம், என்டபிள்யூடிஏஎஃப்னு பேரு, எந்த எடத்துல எப்போ கூட்டம் வரும், எந்த ஏரியா திணறும்னு கணிக்கிறது அதோட வேலை. பிள்ளையார்பட்டியில சதுர்த்தி அன்னைக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க, அது மாதிரி. உலகம் பூரா மொபைல் நெட்வொர்க்குக்கு விதி எழுதுற 3ஜிபிபி அமைப்பு ரிலீஸ் 17ல இந்த சம்மத விஷயத்தையும் சேத்திருக்கு. ஆச்சி (எங்க பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாக), நீங்க சம்மதிச்சீங்களா இல்லையாங்கிறது யூடிஎம்னு ஒரு எடத்துல, உங்க சிம் கணக்கு இருக்குற எடத்துலயே, பதிவா இருக்கும், அந்தப் பெட்டி உங்க நம்பரோட டேட்டாவை எடுக்கணும்னா மொதல்ல அங்க கேக்கணும், கணிப்புக்கு எடுக்குறதா, கணிக்கிற கம்ப்யூட்டர் மாடலைப் பழக்குறதுக்கு எடுக்குறதான்னு நோக்கத்தையும் பாத்துக் கேக்கணும்னான். நீங்க வாபஸ் வாங்கிட்டா அந்தப் பெட்டிக்கு தகவல் போகும், அது எடுக்குறதை நிறுத்தணும்.

அட பரவாயில்லையேன்னேன். இருங்க ஆச்சின்னான். இது நெட்வொர்க்குக்கு உள்ள இருக்குற வழிமுறை, ஆப்புல நீங்க தட்டுறது அந்தப் பதிவு வரைக்கும் போய்ச் சேருதாங்கிறது கம்பெனி எப்படி வயர் பண்ணியிருக்குங்கிறதைப் பொறுத்தது, மார்க்கெட்டிங் டீம் வச்சிருக்குற டேட்டா வேற எடத்துல கெடக்கும், ஏற்கனவே உங்க டேட்டாவை வச்சுப் பழகின மாடல்ல இருந்து உங்களை மட்டும் உருவி எடுக்குறதும் லேசுப்பட்ட காரியம் இல்லன்னான். சாம்பார்ல போட்ட உப்பை எடுக்குறது மாதிரியான்னேன். ஆமான்னான்.

நான் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்த ரெண்டு மூணு விஷயமும் அன்னைக்குத்தான் தெளிஞ்சது, உங்களுக்கும் ஆகட்டும். போன்ல லொக்கேஷனை அணைச்சுட்டா நாம எங்க இருக்கோம்னு கம்பெனிக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அது ஜிபிஎஸ், ஆப்புகளுக்குப் போறது. கால் வந்தா எந்த டவர் வழியா அனுப்பணும்னு நெட்வொர்க்குக்குத் தெரியணுமே, போன் ஆன்ல இருக்குற வரைக்கும் அதுக்கு நம்ம ஏரியா தெரியத்தான் செய்யும். அது தெரியாம கால் வராது. கேள்வி, அந்தத் தகவலை கால் சேர்க்குறதுக்கு மட்டும் வச்சுக்குறாகளா, வேற எதுக்காவது எடுக்குறாகளாங்கிறதுதான். அடுத்து, நாலு சுவிட்சையும் அணைச்சுட்டா நம்ம கால் விவரமெல்லாம் அழிஞ்சுரும்னும் நெனச்சேன். அழியாது, யாரு யாருக்கு எப்போ பேசினாகங்கிற பதிவை குறைஞ்சது ரெண்டு வருசம் வச்சிருக்கணும்னு கம்பெனிகளுக்கு அரசாங்கம் குடுக்குற லைசென்ஸ்லயே 2021 டிசம்பர்ல மாத்திட்டாக, அதுக்கு நம்ம சம்மதம் யாரும் கேக்கப் போறதில்ல.

அப்புறம் டிஎன்டி, அதாவது விளம்பர கால், மெசேஜ் வேணாம்னு பதிஞ்சு வைக்கிறது. 1909க்கு மெசேஜ் போட்டு எல்லாத்தையும் தடுத்துட்டேன், இனிமே பிரச்சினை இல்லன்னு என் வீட்டுக்காரரு சொல்லுவாரு. டிஎன்டி போட்டா விளம்பரம் வர்றது குறையும், நம்மளை வச்சு நடக்குற ஆராய்ச்சி நிக்காது, ரெண்டும் வேற வேற கதவு. விளம்பர மெசேஜ்ல அனுப்புறவுக பேருக்குக் கடைசியில 'பி'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து இப்போ வருது பாத்திருப்பீங்க, புரமோஷன்னு அர்த்தம், 'எஸ்'ன்னா சர்வீஸ், 'டி'ன்னா டிரான்சாக்ஷன், 'ஜி'ன்னா கவர்மெண்ட். என் ரோமிங் மெசேஜ் எல்லாத்துலயும் எஸ். பயணத்துக்கான தகவலாம். சாமர்த்தியம்தான்.

பேரு நம்பர் எல்லாம் எடுத்துட்டு மொத்தக் கணக்காத்தான் பாக்குறோம், தனி ஆளைப் பாக்கலன்னு அந்தப் பக்கத்துல எழுதியிருக்காக. சென்னையில தி.நகர்ல இருக்குறவுகளுக்கு அது சரியா இருக்கலாம். இங்க வந்து பாருங்க. எங்க தெருவுல முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியிற வீடா 14 வீடு இருக்கு, அதுல ஆள் இருக்குறது அஞ்சு வீட்டுல, அந்த அஞ்சுலயும் மூணு வீட்டுல ஒத்தை ஆளு, 70 தாண்டினவுக. ராத்திரி இந்தத் தெருவுல இத்தனை போன் இருக்குன்னு மொத்தக் கணக்கு எடுத்தா அதுல பேரு எதுக்கு, எந்த வீட்டுல யாரு தனியா இருக்காகன்னு கணக்கே சொல்லிருமே. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு ஊரே திரும்பி வர்ற நாலு நாள்ல வேணா நாங்க கூட்டத்தோட கூட்டமா மறைஞ்சுக்கலாம். 2013ல வந்த ஒரு ஆராய்ச்சியில 15 லட்சம் பேரோட 15 மாச மொபைல் டேட்டாவைப் பாத்திருக்காக, பேரு இல்லாத டேட்டாதான், ஆனா எங்க எப்போ இருந்தாகன்னு வெறும் நாலு புள்ளி தெரிஞ்சாலே 95 சதவீதம் பேரைத் தனியாப் பிரிச்சுடலாம்னு வந்துச்சு. அது அம்புட்டு பேருக்கு நடுவுல. கோட்டையூர்ல நாலு புள்ளியெல்லாம் வேண்டியதில்ல, கொப்புடையம்மன் கோயிலுக்கு செவ்வாய்க்கிழமை போற ஆச்சின்னா யாருன்னு ஊருக்கே தெரியும்.

சும்மா பயமுறுத்துறேன்னு நெனைக்காதீக. அமெரிக்காவுல 2024 ஏப்ரல்ல நாலு பெரிய கம்பெனிகளுக்கு அங்க டெலிகாம் கம்பெனிகளை மேய்க்கிற அரசு அமைப்பான எஃப்சிசி கிட்டத்தட்ட 20 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, சரியான சம்மதம் இல்லாம லொக்கேஷனை இடைத்தரகர் கம்பெனிகளுக்குக் குடுத்ததுக்கு. அப்புறம் கோர்ட்டு கேஸுன்னு அது ஒரு பக்கம் ஓடுச்சு. அந்தக் கம்பெனிகளும் சம்மதம் வாங்குறது எங்க வேலை இல்ல, வாங்கிப் போறவுக வாங்கிக்கணும்னு கைமாத்தி விட்டிருந்தாக, நாலாவது சுவிட்சை நான் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு அணைச்சேன்னு இப்போ புரியுதா.

சரி, தலைப்புல போட்ட விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரெண்டு ஸ்டார் குறைக்க வச்சதே இதுதான். எங்க ஆத்தா வச்சிருக்குற சிம் அண்ணன் பேர்ல இருக்கு. இங்க வீட்டுக்கு வீடு இப்படித்தான், புள்ளைக சிங்கப்பூர்லயோ சென்னையிலயோ இருக்கும், போற போக்குல ஒரு சிம் வாங்கி ஆத்தா கையில குடுத்துட்டுப் போயிருக்கும். அதனால கம்பெனி கணக்குல எங்க ஆத்தா ஒரு 46 வயசு ஆம்பள. பைக் லோன், கிரிக்கெட் பேக், ஜிம்முன்னு மெசேஜ் வருது, ஆத்தா அதைப் படிச்சுப் பாத்து இந்த ஜிம்மு யாருடின்னு கேப்பாக. அது போகட்டும். அந்த நம்பரோட சுவிட்சை அணைக்கணும்னா கணக்கு வச்சிருக்குற அண்ணன் அவுக சிங்கப்பூர் நம்பருக்கு வர்ற ஓடிபியைச் சொல்லணும், அங்க நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முந்தி, நான் ராத்திரி பத்தரைக்குக் கேட்டா அங்க ஒரு மணி, அண்ணன் தூக்கத்துல சொல்றதுக்குள்ள ஓடிபி செத்துப் போகும். எங்க போறாக, எப்போ தூங்குறாக, யாரோட பேசுறாகங்கிற தடம் பூரா ஆத்தாவோடது. அதுக்கு சம்மதம் சொல்ல வேண்டியது அண்ணனாம். இந்தப் போனைப் பயன்படுத்துறது வேற ஆளுன்னு சொல்றதுக்கு ஆப்புல ஒரு எடமும் இல்ல.

இதே கதைதான் என் மகனுக்கும், பத்தாவது படிக்கிறான், சிம் என் பேர்ல. 18 வயசுக்குள்ள இருக்குறவுகளோட டேட்டாவுக்குப் பெத்தவுக அனுமதி சரிபாத்து வாங்கணும், அவுகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவச்சு விளம்பரம் காட்டவோ கூடாதுன்னு புதுச் சட்டத்துல இருக்கு. ஆனா கம்பெனிக்கு அவன் புள்ளையே இல்லையே, அவனும் நான்தான். என் பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல போய்ப் பாத்தேன், ஒரு ஆளுக்கு ஒம்பது வரைக்கும் வச்சுக்கலாம், என் பேர்ல அஞ்சு காட்டுச்சு. அஞ்சாவது யாருதுன்னு மண்டையை ஒடைச்சு, கடைசியில மாமியாருக்கு எப்பவோ வாங்கிக் குடுத்த வேற கம்பெனி சிம். பாத்து வச்சுக்கோங்க, நல்லது.

செக்காலை ரோடு ஷோரூம். மொத தடவை போனப்போ கவுன்டர்ல இருந்த தம்பிக்கு நான் கேக்குறதே புரியல. டேட்டா அனுமதியை வாபஸ் வாங்கணும்பான்னா, அக்கா டேட்டா பேக் முடிஞ்சுருச்சான்னு கேக்குறான். அவன் மேல தப்பில்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கஸ்டமர் கேருக்குப் போட்டுக் குடுத்தான், 20 நிமிசம் பாட்டு கேட்டேன், அவுக புகாரைப் பதிஞ்சுக்கிட்டு ஒரு நம்பர் குடுத்தாக. ரெண்டாவது தடவை பொங்கலுக்கு அண்ணன் வந்தப்போ ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு சிம்மை ஆத்தா பேருக்கே மாத்தப் போனோம். அதே தம்பி, இந்தத் தடவை வெவரம் படிச்சு வச்சிருந்தான், நான் மொத தடவை போயிட்டு வந்தப்புறம் அவனே ஆப்பைத் தொறந்து பாத்தானாம். அண்ணன் ஒப்புக்கொண்ட கையெழுத்து, ஆத்தா ஆதார், கைரேகை, எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சது.

கைரேகை வைக்கச் சொன்னப்போ ஆத்தா கையை எடுத்துக்கிட்டாக. இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிப்பான்னாக. பின்னாடி ஏழெட்டு பேரு நிக்கிறாக. அவன் வாசிச்சான், அந்த மிஷின் தமிழை விட்டுட்டு அவனே சொந்தமா எடுத்துச் சொன்னான், பாட்டி, டவர் நல்லா வேலை செய்யிறதுக்கு ஒன்னு, ஆஃபர் அனுப்ப ஒன்னு, நீங்க போற எடத்தை வச்சு ஒன்னு, வெளிக் கம்பெனிக்குக் குடுக்க ஒன்னுன்னு. மொத்தம் ரெண்டு நிமிசம் ஆகல. ஆத்தா மொத ஒன்னுக்கு மட்டும் சரின்னாக, வீட்டு வளவுக்குள்ள சிக்னலே எடுக்க மாட்டேங்குது, அதையாச்சும் பாக்கச் சொல்லுன்னாக. மத்த மூணும் வேணாம். அந்தக் கம்பெனியில இதை ஒழுங்காச் செஞ்ச ஒரே ஆளு அந்தத் தம்பிதான்.

ஆப்புக்கு அஞ்சுக்கு ரெண்டு, நாலு சுவிட்சையும் பிரிச்சு வச்சதுக்கு. ஷோரூம் தம்பிக்குத் தனியா நாலரை. போறதா இருந்தா காலையில பத்து பத்தரைக்குள்ள போயிருங்க, சாயங்காலம் ரீசார்ஜ் கூட்டம். சிம் யாரு கையில இருக்கோ அவுக பேருக்கே மாத்திட்டு, அப்புறம் ஆப்பைப் போடுங்க, அணைச்சதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

அப்டேட்: இதை எழுதி ஒரு வாரம் கழிச்சு ஆப் மறுபடி அப்டேட் ஆச்சு. ஆத்தா நம்பர்ல மூணும் ஆஃப்லயே இருக்கு. என் நம்பர்ல ரெண்டாவது சுவிட்ச் மட்டும் திரும்ப ஆன். புகார் நம்பர் கேட்டு போன் போட்டேன், அது முடிக்கப்பட்டுருச்சாம்.